மோரிக்கரைச் செடியை வெட்டலாமா, விடலாமா?

சில வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம், எங்கள் தெருமுனையில் ஓடும் பெரிய மோரியை, அதாவது மழைநீர் வாய்க்காலை, சுத்தம் செய்ய ஜேசிபி வந்தது. பெங்களூரில் ராமமூர்த்தி நகரைத் தாண்டிக் கல்கெரே பக்கம் போகிற வழி. அங்கே மோரிக்கு இன்னும் மண்கரைதான். இரண்டு நாள் வேலை. ஆமணக்கு, நாணல், சேம்பு, தானாக முளைத்து ஆள் உயரம் தாண்டிவிட்ட இரண்டு அத்தி, மேட்டில் நின்ற புங்கமரம், எல்லாம் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் இரு கரையும் மொட்டையடித்துச் சந்தனம் பூசியது போல இருந்தன. “இப்பதான் மோரி மோரி மாதிரி இருக்கு” என்றார் முனையில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா. நானும் தலையாட்டினேன்.

ஆகஸ்ட் முடிவதற்குள் ஒரு பக்கக் கரை இரண்டு இடத்தில் பிளந்து உள்ளே விழுந்தது. வாய்க்கால் தரையில் முழங்கால் அளவு வண்டல். செப்டம்பரில் ஒரு ராத்திரி பெய்த மழைக்கு, தண்ணீர் வழக்கத்தைவிடச் சீக்கிரமே தெருவுக்கு ஏறிவிட்டது.

பட்டது போதும் என்று அடுத்த இரண்டு வருடம் யாரும் கரைப்பக்கமே போகவில்லை. ஒரு இலையைக்கூடத் தொடக் கூடாது என்று சொல்ல ஒரு கட்சியும் சேர்ந்தது. ஆமணக்கு திரும்பி வந்தது, கூடவே நெய்வேலிக் காட்டாமணக்கையும் கூட்டி வந்தது. உள்ளே வாய்க்கால் ஓடுகிறது என்பதே தெரியாத அளவுக்குப் புதர். தண்ணீர் அப்போதும் வந்தது. அக்காவின் கடைப் பலகைக்கு மேலேயே வந்தது.

வெட்டினாலும் வருகிறது, விட்டாலும் வருகிறது என்றால் என்னதான் செய்வது? இதைப் பற்றிப் பேசுகிற பெரும்பாலோர் ‘செடி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஓடும் தண்ணீருக்கு எல்லாச் செடியும் ஒன்றாக இருப்பதில்லை. எந்தச் செடி, கரையில் எந்த உயரத்தில், எந்த மாதத்தில் என்பதைப் பொறுத்து அது உதவியாகவும் இருக்கும், உபத்திரவமாகவும் இருக்கும். அது எப்படி என்பதைத்தான் அடியிலிருந்து பார்க்கப் போகிறோம்.

மேட்டு ஊருக்கு வெள்ளம் எப்படி வருகிறது?

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்குள் பெரிய ஆறு கிடையாது. ஊரே ஒரு முகடு. அதன் மேற்குச் சரிவில் விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும், கடைசியில் மேட்டூருக்கும் போகிறது. கிழக்குச் சரிவில் விழுவது தென்பெண்ணைக்குப் போய், ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் எல்லாம் கடந்து கடலூரில் கடலைச் சேர்கிறது. எங்கள் தெரு மோரியில் யாராவது செருப்பைத் தவறவிட்டால் அது போகிற திசை தமிழ்நாடுதான்.

ஆறு இல்லாத குறைக்குப் பழைய காலத்தில் ஏரி ஏரியாக வெட்டிச் சங்கிலி போலக் கோத்தார்கள். மேல் ஏரி நிறைந்தால் கலிங்கு வழியாக வழிந்து கீழ் ஏரிக்குப் போகும். அப்படி ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே தண்ணீரைக் கொண்டுபோகும் பெரிய வாய்க்கால்தான் ராஜகாலுவே. நம் ஆட்கள் வாயில் பெரிய மோரி. பெரியதும் நடுத்தரமுமாகச் சேர்த்து ஊருக்குள் 800 கிலோமீட்டருக்கு மேல் இந்த வாய்க்கால்கள் ஓடுகின்றன.

அன்று இதில் மழைநீர் மட்டும்தான் ஓடியது. கோடையில் காய்ந்து கிடக்கும். இன்று வருடம் முழுக்கச் சாக்கடையும் கலந்து ஓடுகிறது. செடிக் கதையில் இந்த மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு, பின்னால் வருகிறேன்.

தள்ளுவண்டி நிற்கும் சந்து

மேட்டூர் அணைச் செய்தி கேட்டிருப்பீர்கள், “விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு” என்று. ஒரு வாய்க்காலுக்கும் அப்படி ஒரு அளவு உண்டு. கரை வழியாமல் ஒரு விநாடிக்கு அதிகபட்சம் எவ்வளவு தண்ணீரைக் கொண்டுபோக முடியுமோ, அதை அதன் கடத்துதிறன் என்று வைத்துக்கொள்வோம். வாய்க்கால் எவ்வளவு பெரியது என்பது வேறு, எவ்வளவு கடத்தும் என்பது வேறு. இந்த இடத்தில்தான் முதல் குழப்பம்.

சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு அதில் நடந்தால் ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம். ரம்ஜான் மாத மாலையில் அதே சந்து, அதே அகலம். இரு பக்கமும் தள்ளுவண்டி, நடுவில் நின்று பேரம் பேசுகிறவர்கள், ஒரு ஸ்கூட்டர். நடை ஆமை வேகம். பின்னாலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பதால் சந்தின் வாயில் கூட்டம் சேரும்.

தண்ணீரும் இப்படித்தான் சேர்கிறது, ஒரே ஒரு வித்தியாசம். மனிதர்கள் பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள், தண்ணீரை நெருக்க முடியாது. அது மேலே எழும்பும். மழை கொட்டுகிற வேகத்தில் வாய்க்காலுக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்போது, ஓட்டம் பாதியாகக் குறைந்தால் மட்டம் உயர்ந்தே ஆக வேண்டும். அந்த உயர்வுக்குக் கரையில் இடம் இல்லையென்றால் நம் வீட்டு வாசல்.

சந்தில் தள்ளுவண்டி செய்கிற வேலையை வாய்க்காலில் செய்வது சொரசொரப்பு. தரையும் பக்கங்களும் ஓடும் தண்ணீரை எவ்வளவு இழுத்துப் பிடிக்கின்றன என்பதுதான் அது. வழவழப்பான சிமெண்டுத் தரையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், பிறகு தேங்காய் நார் மிதியடியின் மேல் அதே சொம்பை ஊற்றிப் பாருங்கள். புதர் என்பது வாய்க்காலின் உள்பக்கம் முழுக்க ஒட்டிவைத்த நார் மிதியடி. ஆனால் மிதியடி அரை விரற்கடை கனம். புதரோ தண்ணீரின் நடு வயிற்றுக்குள்ளேயே கிளை நீட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு சின்னக் கணக்கு

கணக்கு பிடிக்காதவர்கள் இந்தப் பகுதியின் கடைசிப் பத்திக்குத் தாவிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சொரசொரப்பை ஒரு எண்ணாக வைத்துத் தண்ணீரின் வேகத்தைக் கணக்கிடும் சூத்திரம் ஒன்றை 1889-இல் ராபர்ட் மேனிங் என்ற ஐரிஷ் பொறியாளர் முன்வைத்தார். உலகம் முழுக்க வாய்க்கால் வெட்டுகிறவர்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வழவழப்பான கான்கிரீட்டுக்கு எண் சுமார் 0.015. செடி இல்லாத மண் வாய்க்காலுக்கு 0.03 வைக்கலாம். களை மண்டினால் 0.05, 0.06 என்று ஏறும். அடர்ந்த புதரும் மரத்தடியும் சேர்ந்தால் 0.1-ஐயும் தாண்டும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, இந்த எண் இரண்டு மடங்கானால் தண்ணீரின் வேகம் சரிபாதியாகும்.

இப்போது ஒரு வாய்க்கால். அகலம் 10 மீட்டர், கரை உயரம் 2 மீட்டர், பக்கங்கள் செங்குத்து, 1000 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவு. செடி இல்லாமல் இருந்தால் விளிம்பு வரை நிறைந்த நிலையில் தண்ணீர் விநாடிக்குச் சுமார் 1.3 மீட்டர் வேகத்தில் ஓடும். கடத்துதிறன் சுமார் 27 கன மீட்டர், நம் பழக்கத்தில் சொன்னால் 940 கன அடி. அதில் புதர் மண்டி எண் 0.06 ஆகிவிட்டால், அதே பள்ளம் 470 கன அடியைத்தான் கடத்தும். ஒரு பிடி மண்ணை யாரும் உள்ளே கொட்டவில்லை, ஒரு அடியை யாரும் ஆக்கிரமிக்கவில்லை, பாதி வாய்க்கால் காணாமல் போய்விட்டது.

இதையே திருப்பிக் கேளுங்கள். அந்த 940 கன அடியும் புதர் மண்டிய வாய்க்கால் வழியாகப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் எவ்வளவு ஆழம் தேவை? சுமார் 3.2 மீட்டர். கரையோ 2 மீட்டர். மீதி 1.2 மீட்டர் எங்கே நிற்கும் என்பது பூக்கடை அக்காவுக்குத் தெரியும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பள்ளத்தின் அளவு மாறாமலேயே அதன் கடத்துதிறன் குறையலாம், செடி வேகத்தைக் குறைக்கிறது, வேகம் குறைந்தால் மட்டம் உயர்கிறது. ஆற்றைவிட மோரிக்கு இது அதிகம் வலிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டர் அகலத் தென்பெண்ணையில் கரையோரப் புதர் விளிம்பைத்தான் தொடும், நடு ஓட்டம் தன் பாட்டுக்குப் போகும். ஐந்து மீட்டர் மோரியில் இரு கரைப் புதரும் நடுவில் கைகோத்துக்கொள்ளும்.

எந்தச் செடி எப்படி நிற்கிறது

ஆற்றங்கரை நாணல் வெள்ளத்தில் வளைந்து பிழைத்த கதையைச் சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நாணல் பிழைப்பதற்கான காரணமேதான் தண்ணீருக்கும் நல்லது. பச்சையான, மெல்லிய தண்டுள்ள புல் வெள்ளம் வந்ததும் தரையோடு படுத்துவிடும். படுத்த புல் ஏறக்குறைய பாய் விரித்தது போல ஆகிவிடுவதால் தண்ணீர் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். மழை குறைவாக இருக்கும்போது தொந்தரவு செய்கிற அதே புல், பெரிய வெள்ளத்தில் அவ்வளவு செய்யாது. அருகம்புல், வெட்டிவேர் போன்றவை கரைச்சரிவில் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன்.

காய்ந்த நாணலும் சம்பும் வேறு சாதி. பழைய தண்டுகள் விறைத்து நிற்கும், வளையாது. கூட்டமாக இருப்பதால் சீப்பு போல வேலை செய்யும். தண்ணீரிலிருந்து பாலிதீன் பை, துணி, தெர்மாகோல் எல்லாவற்றையும் வாரிப் பிடித்துக்கொள்ளும். வேகம் குறைந்த இடத்தில் வண்டலும் இறங்கும். வண்டல் மேட்டில் புதுச் சம்பு முளைக்கும். இப்படியே இரண்டு மழைக்காலம் போனால் நடு வாய்க்காலில் ஒரு தீவு.

மிகவும் மோசம், இடுப்பிலிருந்து ஆள் உயரம் வரை, அடியிலிருந்தே பல கிளையாகப் பிரியும் புதர்கள். நெய்வேலிக் காட்டாமணக்கு இதில் முதல் குற்றவாளி. வெள்ளம் எந்த உயரத்தில் ஓடுகிறதோ சரியாக அதே உயரத்தில் அதன் கிளைகள் அடர்ந்திருக்கும். படுக்காது, விலகாது. ஒடிந்த துண்டு கீழே போய் ஒதுங்கின இடத்திலும் வேர்விட்டுவிடும். ஆமணக்கு கொஞ்சம் தேவலாம், தண்டு உள்ளீடற்றது, இளசாக இருக்கும்போது கையாலேயே பிடுங்கிவிடலாம். ஆனால் பெங்களூர் மோரிக்கரையில் விதைக்காமலே வளர்வதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பெரிய மரம்? ஆச்சரியமாக இருக்கலாம், கரையின் மேல்பக்கம் ஒற்றை அடிமரமாக நிற்கும் ஒரு புங்கையோ நீர்மருதோ நாவலோ ஓட்டத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை. தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அதன் தழையெல்லாம் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறது. தாழ்ந்த கிளை தண்ணீரில் தொங்கினால்தான் தொல்லை, கிளையைக் கழித்தால் போதும். எங்கள் தெருவில் ஜேசிபி பிடுங்கிய புங்கமரம் வெள்ளத்துக்கு ஒரு தப்பும் செய்யவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. வாய்க்கால் தரையிலேயே முளைத்த அந்த இரண்டு அத்தியும் போக வேண்டியவைதான், அதில் சந்தேகமில்லை.

பாலத்துக்கு அடியில்

எங்கள் மோரியின் மேல் ஒரு பழைய இரட்டைக் கண் பாலம் இருக்கிறது. ஒரு கண்ணின் குறுக்கே தண்ணீர்க் குழாய் ஒன்று போகிறது. யாரோ எப்போதோ போட்டது. ஒரு அக்டோபரில், ஆயுதபூஜை முடிந்த நாலாம் நாள், அந்தக் குழாயில் என்னவெல்லாம் மாட்டியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். பூஜைக்குக் கட்டி எறிந்த வாழைக்கன்றுகள் ஏழெட்டு, அவற்றைச் சுற்றிக்கொண்ட ஆமணக்குத் தண்டுகள், இவற்றின் மேல் மெத்தை ஒன்று, இடுக்கெல்லாம் பால் பாக்கெட். கண்ணில் முக்கால் பங்கு மூடிவிட்டது.

கரையில் உள்ள செடி இருந்த இடத்தில் இருந்தே ஓட்டத்தைக் குறைப்பது ஒரு வகை. பிடுங்கிக்கொண்டு போய்ப் பாலத்தடியில் மாட்டிக்கொள்வது இன்னொரு வகை. இரண்டாவது இன்னும் மோசமானது, ஏனென்றால் ஒரே ராத்திரியில் நடந்துவிடும். கிளை ஒன்று குறுக்கே விழுந்தால் போதும், பின்னால் வருவதெல்லாம் அதில் வந்து அப்பிக்கொள்ளும். சமையலறைத் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைக் காம்பு குழாய் வாயில் குறுக்கே விழுந்த பிறகு சோற்றுப் பருக்கையெல்லாம் அங்கேயே சேர்வதைப் பார்த்திருப்பீர்கள்.

அடைப்பு இருக்கும் இடத்தில் மட்டும் மட்டம் உயர்ந்து நின்றுவிடாது. அது மேல்நோக்கிப் பரவும். இதற்குப் பின்தேக்கம் என்று பெயர். நம் கணக்கு வாய்க்காலின் சரிவு 1000-க்கு 1 என்று சொன்னேன் அல்லவா? அப்படிப்பட்ட இடத்தில் பாலத்தடியில் தண்ணீர் ஒரு மீட்டர் கூடுதலாக எழும்பினால், அதன் பாதிப்பு மேலே சுமார் ஒரு கிலோமீட்டர் வரை தெரியலாம். அதனால்தான் அடைப்பு ஒரு தெருவில், வெள்ளம் இன்னொரு தெருவில் என்று ஆகிறது. மேல் தெருக்காரர்கள் தங்கள் பக்கத்துக் கரையை எவ்வளவு சுத்தம் செய்தாலும் பயனில்லாமல் போவதும் இதனால்தான். சுத்தம் செய்யக் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது என்றால் முதலில் பாலத்துக்கு மேலும் கீழும் உள்ள பகுதிக்குச் செலவழிக்க வேண்டும் என்பது என் கட்சி.

வேர் செய்யும் வேலை

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் வழித்துவிடுவதில் என்ன தவறு? எங்கள் கரை ஏன் சரிந்தது?

மண்ணுக்குள் வேர் என்பது சுவருக்குள் கம்பி போல. மெல்லிய வேர்கள் மண் துகள்களைக் கட்டிப்போடும், தடித்த வேர்கள் மேல் மண்ணை அடி மண்ணோடு தைத்துவைக்கும். மேலே இருக்கும் தழை, மழைத்துளி நேராக மண்ணை அடிக்காமல் தாங்கிக்கொள்ளும். ஜேசிபியின் பக்கெட் கரையைச் சுரண்டும்போது மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. அதற்குப் பிறகு வருவது பெங்களூர் மழை, இரண்டு மணி நேரத்தில் ஊரைப் புரட்டிப்போடும் வகை. செம்மண் கரைந்து உள்ளே இறங்கும். கரையின் அடி அரிக்கப்பட்டு, மேல் பகுதி பாளம் பாளமாக விழும். எங்கள் வாய்க்காலில் நான் பார்த்த முழங்கால் வண்டல் வெளியிலிருந்து வந்ததில்லை. எங்கள் கரைதான் அது.

இதில் ஒரு வேடிக்கை. வண்டல் படிந்தால் பள்ளமே சுருங்கும். புதர் வேகத்தைத்தான் குறைத்தது. மொட்டைக் கரை பள்ளத்தின் அளவையே குறைத்துவிட்டது. அடுத்த வருடம் தூர் வார வேண்டும், தூர் வாரும்போது மறுபடி கரையைச் சுரண்டுவார்கள். ஒப்பந்தம் எடுப்பவருக்கு வருடா வருடம் வேலை.

வெட்டுவதற்கும் பிடுங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே பிடித்துக்கொள்ளுங்கள். கரைச்சரிவில் உள்ள செடியை அரிவாளால் வெட்டினால் தண்ணீருக்குத் தடையான தண்டு போகிறது, மண்ணுக்குத் துணையான வேர் இருக்கிறது. பிடுங்கினால் இரண்டும் போகிறது.

கான்கிரீட் போட்டுவிட்டால் தீர்ந்ததா?

தெருக்கூட்டத்தில் கடைசியில் யாராவது இதைச் சொல்வார்கள். கணக்குப்படி பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். அதே பத்து மீட்டர் வாய்க்காலுக்குக் கான்கிரீட் பூசினால் எண் 0.015 ஆகிவிடும், கடத்துதிறன் 53 கன மீட்டராகும், மண் வாய்க்காலைப் போல இரண்டு மடங்கு.

அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்பதுதான் அடுத்த கேள்வி. கீழே உள்ள தெருவுக்கு, கீழே உள்ள இரட்டைக் கண் பாலத்துக்கு, கீழே உள்ள ஏரிக்கு. முன்பு மெதுவாக, கரையோரம் தங்கித் தங்கி வந்தது இப்போது மொத்தமாக, சீக்கிரமாக வந்து இறங்கும். ஊர் முழுக்க எல்லாக் கிளை வாய்க்காலுக்கும் இதையே செய்தால் எல்லாத் தண்ணீரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேரும். நம் தெரு வெள்ளத்தைக் கீழ்த்தெருவுக்கு அனுப்பிவைத்து விட்டு நிம்மதியாகத் தூங்குவதற்குப் பெயர் தீர்வு இல்லை. இடம் இருக்கும் மேல்பகுதிகளில் கரையோரப் புல்லும் புதரும் தண்ணீரைக் கொஞ்சம் தாமதப்படுத்துவது கீழ்ப்பகுதிக்கு நல்லது. இரு பக்கமும் வீடு நெருக்கும் இடத்தில் தண்ணீர் சட்டென்று கடக்க வேண்டும். ஒரே வாய்க்காலின் இரண்டு பகுதிக்கு இரண்டு விதமான கவனிப்பு தேவைப்படுவது இதனால்தான்.

கான்கிரீட் போட்ட மோரியில் செடி வராது என்று நம்புகிறவர்கள் ஊருக்குள் ஏதாவது ஒரு ராஜகாலுவே பாலத்தில் நின்று எட்டிப் பார்க்கட்டும். இரு பக்கமும் சுவர், தரையில் வண்டல், வண்டல் மேல் பச்சைப் பசேலென்று புல். எருமை இருந்தால் இறங்கி மேயும்.

நிழலும் சாக்கடையும்

இங்கேதான் அந்தச் சாக்கடை விஷயம். செடி வளர மூன்று வேண்டும்: தண்ணீர், சத்து, வெயில். பழைய மழைநீர் வாய்க்காலில் கோடையில் தண்ணீர் இருக்காது, செடிகள் தானாகவே வாடிவிடும். இப்போது மோரியில் வருடம் முழுக்கத் தண்ணீர். அதில் நம் கழிவின் தழைச்சத்தும் மணிச்சத்தும். உரம் போட்டு நீர் பாய்ச்சின வயல் போல ஆகிவிட்ட பிறகு, வெட்டின ஆறு வாரத்தில் அது திரும்ப வளர்ந்து நிற்பதைக் குறை சொல்லி என்ன பயன்? சாக்கடையைத் தனிக் குழாயில் பிரித்துக் கொண்டுபோனால் புதர் வேலையில் பாதி குறையும்.

தண்ணீரையும் சத்தையும் நம்மால் உடனே நிறுத்த முடியாவிட்டாலும், மூன்றாவதான வெயிலை மறைக்க முடியும். நாணல், சம்பு, ஆகாயத்தாமரை எல்லாம் முழு வெயில் கேட்பவை. கரை மேட்டில் மரம் நின்று வாய்க்காலின் மேல் நிழல் விழுந்தால் அவை சோர்ந்துவிடும். எங்கள் புங்கமரம் இருந்தவரை அதன் அடியில் வாய்க்கால் ஓரளவு திறந்தேதான் இருந்தது என்று பூக்கடை அக்கா சொன்னார். அவர் அதன் நிழலில் பதினைந்து வருடம் உட்கார்ந்தவர். மரத்தை எடுத்த வருடமே அந்த இடத்தில்தான் நாணல் முதலில் வந்தது.

ஆக, வெள்ளத்துக்குத் தடை என்று நினைத்துப் பெரிய மரத்தை வெட்டினால், நிஜமான தடையான புதருக்கு வெயிலைத் திறந்துவிடுகிறோம். போதாததற்கு, வெட்டின மரத்தின் வேர் சில வருடத்தில் மண்ணுக்குள் மக்கிப் பொந்து விழும், கரை பலவீனமாகும். கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி மரம் வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும். ‘சுத்தம் செய்கிறோம்’ என்ற பெயரில் ஜேசிபிக்காரர் மரத்தையும் சேர்த்துத் தூக்குவது சட்டப்படியும் சரியில்லை.

எதை, எங்கே, எப்போது

கரையை மூன்று படியாக மனதில் பிரித்துக்கொண்டால் வேலை சுலபம். வாய்க்கால் தரையில் எதுவும் நிற்கக் கூடாது: அத்திக்கன்று, காட்டாமணக்கு, சம்புத் தீவு எல்லாவற்றையும் வேரோடு எடுக்கலாம், அங்கே பிடித்துவைக்க வேண்டிய கரை இல்லை. கரைச்சரிவில் புல் இருக்கட்டும், புதரை மட்டும் தரையை ஒட்டி வெட்ட வேண்டும், வேரைத் தொடக் கூடாது. காட்டாமணக்கு மட்டும் விதிவிலக்கு. வெட்டின துண்டெல்லாம் முளைக்கும் என்பதால் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புல்லோ வெட்டிவேரோ உடனே நட வேண்டும். மேட்டில் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கட்டும், தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட்டால் போதும். இரண்டு கரையையும் ஒரே வருடம் வெட்டாமல் இந்த வருடம் ஒன்று, அடுத்த வருடம் மற்றொன்று என்று மாற்றினால் இன்னும் நல்லது.

காலமும் முக்கியம். பெங்களூருக்குச் சராசரியில் அதிக மழை தரும் மாதம் செப்டம்பர். அக்டோபரும் லேசுப்பட்டதில்லை. மே மாதக் கோடை மழையும் பலமாக இருக்கும். எனவே மே மாதம் ஜேசிபி அனுப்புவது என்பது கல்யாணத்தன்று காலையில் வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல. முதல் வெட்டு மார்ச்சிலேயே முடிந்துவிட வேண்டும், மண் ஆறிப் புல் பிடிக்க அவகாசம் கிடைக்கும். ஆகஸ்டில் இரண்டாவது கை, அது இலேசாக. மழைக்காலத்தில்தான் தூக்கணாங்குருவி கூடு கட்டும் என்பதால் அப்போது தரையையும் பாலத்தடியையும் பார்த்தால் போதும்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. தமிழ்நாட்டில் குடிமராமத்து என்ற பெயரில் ஊரே சேர்ந்து மழைக்கு முன் வரத்துக் கால்வாயைச் செதுக்கியதும், கர்நாடக ஏரிகளில் நீருகண்டி என்பவர் மதகையும் வாய்க்காலையும் கண்காணித்ததும் இந்தக் கணக்கில்தான். வாய்க்காலுக்குத் தினமும் பார்க்கிற கண் ஒன்று இருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையும் பெல்லந்தூர்ப் பக்கமும் மூழ்கி, டிராக்டரில் ஆட்களை ஏற்றிப் போனார்களே, அதற்குப் புதர் முதல் காரணம் அல்ல. ஏரிகள் நிரம்பி வழிந்தன, வழிந்த நீர் போக வேண்டிய வாய்க்கால்கள் பல இடங்களில் குறுகியோ கட்டடத்துக்கு அடியிலோ இருந்தன. பத்து மீட்டர் வாய்க்கால் மூன்று மீட்டராகிவிட்ட இடத்தில் அரிவாள் ஒன்றும் செய்யாது. இருக்கிற வாய்க்காலைப் பாதியாக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் இந்தச் செடிக் கணக்கு.

போன முறை எங்கள் தெருவில் இதில் பாதியையாவது சரியாகச் செய்தோம். மார்ச் நழுவி ஏப்ரல் ஆகிவிட்டது, இருந்தாலும் ஜேசிபி வேண்டாம் என்று சொல்லி ஆட்களை வைத்துக் கையால் வெட்டினோம். கரை மண்ணைத் தொடவில்லை. வெட்டியதை மேட்டில் குவித்தோம். குவியலை அள்ளிப் போக வண்டி நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று மூன்று நாள் போயிற்று. மூன்றாம் நாள் சாயங்காலம் ஆலங்கட்டியோடு கோடை மழை. குவியலில் பாதி வழுக்கிக்கொண்டு மோரிக்குள் இறங்கி, நேராக இரட்டைக் கண் பாலத்தின் அந்தக் குழாயில் போய் உட்கார்ந்தது. நான்கு பேர் கயிறு கட்டி இழுத்தோம். பூக்கடை அக்கா குடை பிடித்துக்கொண்டு மேலே நின்று, “வெட்டறதுக்கு முன்னாடி வண்டிக்குச் சொல்லணும்ப்பா” என்றார்.